வெறுங்கூடை திரும்பும் வழி

பசறைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்தில், நிறுவை நேரம் பார்த்துக் கொழுந்து மடுவத்தருகே கொஞ்சம் நின்று பாருங்கள். நெற்றியில் கூடைக்கயிறு அழுந்த, பாரத்துக்கு முன்சாய்ந்தபடி பெண்கள் வரிசையாக வருவார்கள். கூடை தராசில் தொங்கும். கணக்கப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். கொழுந்து விரிப்பில் கொட்டப்படும். கூடையைக் கவிழ்த்து ஒரு தட்டு. ஓரத்தில் ஒட்டிய நாலு இலையும் விழும். அதே கூடை அதே முதுகில் ஏறி அதே மலைக்குத் திரும்பிவிடும்.

அந்தக் கூடையைத் திருப்பி அனுப்பத் தனியாக ஆள் இல்லை, வண்டி இல்லை. எப்படியும் மலைக்குத் திரும்பவேண்டிய ஆளோடு அது போகிறது. தொலைந்தால் யாருடைய கூடை தொலைந்தது என்று உடனே தெரியும். காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என ஒரே கூடை ஒரு நாளில் மூன்று தடவை நிறைந்து மூன்று தடவை காலியாகிறது. ஆகவே 100 பேர் கொழுந்து பறிக்கும் மலைக்கு 100 கூடை போதும். நிறுவைக்கு வந்த கூடை மறுநாள்தான் திரும்பும் என்று ஒரு நிலை வந்தால், அதே கொழுந்துக்கு 300 கூடை வேண்டியிருக்கும். மூங்கில் காட்டில் மூன்று மடங்கு வெட்டவேண்டும்.

இந்தக் கணக்குக்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு. லிட்டில் விதி என்பார்கள். அமெரிக்கரான ஜோன் லிட்டில் 1961 இல் இதை நிரூபித்துக் காட்டினார். லயத்துப் பீலிக்கரையை நினைத்துக்கொண்டால் விதி விளங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு குடம் வந்து சேர்கிறது. ஒரு குடம் வரிசையில் நின்று, நிறைந்து, புறப்பட்டுப்போக 10 நிமிடம் ஆகிறது என்றால், எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் பீலிக்கரையில் சராசரியாக 10 குடம் இருக்கும். வரும் வேகத்தை, தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை கிடைக்கும். குடத்துக்குப் பொருந்துவது கூடைக்கும் பெட்டிக்கும் போத்தலுக்கும் பொருந்தும். நாளொன்றுக்கு நிரப்பும் பெட்டிகளை, ஒரு பெட்டி போய்த் திரும்பும் நாட்களால் பெருக்குங்கள். மொத்தம் எத்தனை பெட்டி செய்யவேண்டும் என்று தெரிந்துவிடும்.

மரத்துக்கோ காகிதத்துக்கோ பிளாஸ்டிக்குக்கோ தட்டுப்பாடு வந்தால், நம் எண்ணம் உடனே மாற்றுப்பொருளைத் தேடி ஓடுகிறது. வாழைநார், வைக்கோல், சோள மா என்று ஆய்வுகூடங்கள் தேடுகின்றன. தேடட்டும். ஆனால் லிட்டிலின் சூத்திரத்தில் பொருளின் பெயர் எங்கும் இல்லை. நாட்களின் எண்ணிக்கை இருக்கிறது. பெட்டி திரும்பிவர எடுக்கும் நாட்களைப் பாதியாக்கினால், பாதிப் பெட்டிகளைச் செய்யாமலே விடலாம். மூலப்பொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில், காலியாகக் கிடக்கும் பெட்டியின் ஒவ்வொரு நாளும் ஒரு மூலப்பொருள்தான். ஊவாவின் தோட்டங்களிலும் மரக்கறிச் சந்தைகளிலும் இந்தக் கணக்கு எங்கே ஒத்துவந்தது, எங்கே உடைந்தது என்று தேடிப் போவோம்.

மடுவத்திலிருந்து கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, லொறியில் போகும். இங்கேதான் உறை என்பது வெறும் சுமைதாங்கி இல்லை என்று விளங்குகிறது. பறித்த பிறகும் கொழுந்து மூச்சுவிடும். மூச்சுவிடும்போது சூடு பிறக்கும். சாக்குக்குள் திணித்து, அதன்மேல் இன்னொரு சாக்கைப் போட்டு, அதன்மேல் ஓர் ஆளும் உட்கார்ந்தால், சூடு வெளியேற வழியில்லை. நசுங்கிய இடத்தில் இலையின் கலங்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பொலிபினோல்களும் நொதியமும் கலந்துவிடும். உருட்டும் இயந்திரத்தில் நடக்கவேண்டிய வேதிமாற்றம் சாக்குக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். கொழுந்து சிவந்துபோகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குக் கொடுக்கும் மணத்தை, ஸ்டோருக்குப் போகும் அரைமணி நேரப் பயணத்தில் பாழாக்கிவிடலாம். காற்றோடும் பிளாஸ்டிக் கூடைகளில் கொழுந்தை ஏற்றவேண்டும் என்று தேயிலைத் துறையினர் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். இந்தக் கூடைகளும் லொறியோடு அன்றே திரும்பிவிடுபவை. சின்ன வட்டம், குறைந்த கூடை.

கூடையின் வெற்று நிறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சம்பளத்தில் போய் முடிகிறது. சாக்குக்கு, கூடைக்கு, மழை ஈரத்துக்கு என்று நிறுவையில் கிலோக்களைக் கழிப்பது தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். தொழிலாளரின் நெடுநாள் மனத்தாங்கலும் அதுவே. நனைந்தால் பாரம் கூடும் மூங்கிலும் சணலும் இருக்கும்வரை, எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் கையில் இருந்தது. நீரை உறிஞ்சாத, எல்லாம் ஒரே நிறையுள்ள, அந்த நிறை மேலே பொறிக்கப்பட்ட கூடை வந்தால் அந்தச் சண்டைக்கு இடமே இராது. மீண்டும் மீண்டும் பயன்படும் உறையைப் பற்றி எழுதுபவர்கள் காடுகளையும் கடலையும் சொல்கிறார்கள். கொழுந்துக்காரியின் ஒரு கிலோவையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி.

ஸ்டோருக்குள் போன கொழுந்து நாலரை, ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்று சுருங்கித் தேயிலையாக வெளியே வருகிறது. அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 3 சதவீதம். அவ்வளவு உலர்ந்த பொருள் அக்கம்பக்கத்து ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் காற்றுப் புகாத உறை வேண்டும். ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த உறை ஒட்டுப்பலகைப் பெட்டி. உள்ளே ஆரம்பத்தில் ஈயத்தாள், பிறகு அலுமினியத்தாள். மூலைகளில் தகரப் பட்டி.

அந்தப் பெட்டியின் பிறப்பிடம் விசித்திரமானது. பால்டிக் கடலோரம், இன்றைய எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் லூத்தர் குடும்பத்தின் தொழிற்சாலை மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிப் பலகை செய்தது. அதை ‘வெனெஸ்டா’ என்ற பெயரில் லண்டன் நிறுவனமொன்று உலகமெங்கும் விற்றது. வெனீர், எஸ்தோனியா என்ற இரு சொற்கள் ஒட்டிய பெயர் அது, பலகையைப் போலவே. உறுதியும் இலேசும் சேர்ந்த அந்தப் பெட்டிகளை ஷாக்கிள்டனின் தென்துருவப் பயணக் குழுவும் எடுத்துப்போனது. 1908 இல் அன்டார்டிகாவிலேயே அவர்கள் அச்சிட்ட ‘அவ்றோறா ஆஸ்திராலிஸ்’ என்ற நூலுக்கு, காலியான சாமான் பெட்டிகளை அறுத்துத்தான் அட்டை போட்டார்கள். வேறு மூலப்பொருள் எதுவும் கைக்கெட்டாத இடத்தில், பெட்டி நூலாயிற்று.

தோட்டத்துக்கு அந்தப் பெட்டி பெட்டியாக வரவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. பலகைகளும் சட்டங்களும் தகரப் பட்டிகளும் தட்டையாகக் கட்டப்பட்டு மேலே ஏறும். 1924 இல் பதுளைவரை வந்துவிட்ட ரயில் பாதையும் வண்டிப் பாதைகளும் காற்றைச் சுமக்கவில்லை. ஸ்டோரில் ஆணியடித்துப் பெட்டியாக்கி, தேயிலையை நிரப்பி, கொழும்புக்கு இறக்கினார்கள். மலையேறும் பயணத்தில் இடம் மிச்சப்படுத்தத் தெரிந்திருந்தது. கடல் கடந்த பிறகு திருப்பி அனுப்பத்தான் வழியில்லை. மாதக்கணக்கான பயணம், லிட்டிலின் சூத்திரத்தில் அந்த மாதங்களைப் போட்டுப் பார்த்தால் தீவு முழுதும் வெற்றுப் பெட்டிக்காகவே ஒரு கப்பற்படை வேண்டும். எனவே பெட்டி போன இடத்திலேயே தங்கிவிட்டது. பிரித்தானியாவில் வீடு மாறியவர்கள் பாத்திரபண்டம் கட்டிய பெட்டி அதுதான். 1950களில் அதைக் கவிழ்த்து, ஒரு கம்பும் கயிறும் பூட்டி, ஸ்கிஃபிள் இசைக்குழுக்கள் பேஸ் வாத்தியமாக்கின. பின்னாளில் பீட்டில்ஸ் ஆன இளைஞர்களின் முதல் குழுவிலும் ஒரு தேயிலைப் பெட்டி முழங்கியது.

திரும்பிவராத பெட்டிக்கு விலை கொடுத்தது இங்குள்ள காடு. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பலகை தடைப்பட்டபோது, காலிக்கு அருகே ஜிந்தோட்டையில் அரசு ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது. தட்டுப்பாட்டுக்கு அன்று கண்ட விடை, பெட்டியை உள்ளூரிலேயே செய்வது. பெட்டிக்கு மரம் வேண்டும்; மரத்துக்குக் காடு வேண்டும். 1970களின் முற்பகுதியில் சிங்கராஜ வனத்துக்குள்ளேயே ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் நுழைந்தன. எதிர்ப்பு வலுத்து, 1977 இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988 இல் அது உலக மரபுரிமைத் தலமானது. தப்பிய அந்த மழைக்காட்டைக் காணப் போகிறவர்கள், அதன் ஒரு பகுதி தேயிலைப் பெட்டியாகிக் கப்பலேறியதை நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பெட்டியின் இடத்தைப் பல்லடுக்குக் காகிதப் பை பிடித்தது. அதுவும் ஒருவழிப் பயணிதான். ஆனால் இலேசானது.

இனி மரக்கறிக்கு வருவோம். இங்கேதான் கணக்கு உடைந்தது.

வெலிமடைக்கு அருகே கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்தில் லீக்ஸும் போஞ்சியும் கோவாவும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சாக்குகளில் குவிகின்றன. அங்கிருந்து லொறிகளில் கொழும்புப் பக்கம் இறங்குகின்றன. அந்தச் சாக்கு புதிதல்ல. மாவோ சீனியோ உரமோ கால்நடைத் தீனியோ வந்த பின்னப்பட்ட பொலிசாக்கு. இரண்டாம் பிறவி எடுத்த சாக்கில் நெடும்பயணம். இலங்கையில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் தட்டுக்கு வராமலே வீணாகிறது என்று நெடுங்காலமாகக் கணிக்கிறார்கள். அதில் பெரிய பங்கு இந்தச் சாக்கடுக்கினுடையது. காரணம் எளிய பௌதிகம். சாக்குகளை அடுக்கினால் மேலேயுள்ள பாரத்தைத் தாங்குவது அடிச்சாக்கின் தக்காளி. கூடைகளை அடுக்கினால் பாரம் கூடையின் சுவர் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். தக்காளி தன் பாரத்தை மட்டும் சுமக்கும். மலைப்பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் சாக்குக்குள் ஓர் அமுக்கம். நசிந்த பழம் எத்திலின் வாயுவை விடும்; அது பக்கத்துப் பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்கும்; பிறகு பூஞ்சணம். அழுகிய தக்காளியோடு அதற்குப் போட்ட உரமும் பாய்ச்சிய தண்ணீரும் குனிந்து நின்ற முதுகும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன.

2011 இன் இறுதியில் அரசு ஓர் உத்தரவு போட்டது: மரக்கறியையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டுசெல்ல வேண்டும். விஞ்ஞானம் உத்தரவின் பக்கம்தான் இருந்தது. ஆனால் விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினார்கள். அரசு பின்வாங்க நேர்ந்தது. அவர்களை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கூடை போகும் வழியைப் பார்த்து எதிர்க்கவில்லை. அது திரும்பும் வழியைப் பார்த்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சந்தையிலிருந்து நாளொன்றுக்கு 20 டன் மரக்கறி, கூடைக்கு 20 கிலோ வீதம் 1,000 கூடைகளில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம், சந்தை, லொறி, கொழும்பு, சில்லறைக் கடை, மீண்டும் மலை என்று ஒரு கூடை சுற்றிவர 6 நாள் ஆனால் 6,000 கூடைகள் வேண்டும். கூடைக்கு 2 கிலோ என்றால் 12 டன் பிளாஸ்டிக். சில்லறைக் கடைக்காரர் அதில் வெங்காயத்தைப் போட்டுவைத்து மூன்று நாள் தாமதித்தால் 9,000 கூடைகள், 18 டன். ஒரு நாள் தாமதத்தின் விலை 2 டன் பிளாஸ்டிக். இனித் தொலைவதைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 100 இல் 5 கூடை காணாமற் போனால், ஒரு கூடையின் சராசரி ஆயுள் 20 சுற்று. 100 இல் 1 தான் தொலையும் என்றால் ஆயுள் 100 சுற்று. கூடை எவ்வளவு உறுதியானது என்பதைவிட, அதை யார் எண்ணுகிறார் என்பது ஆயுளைத் தீர்மானிக்கிறது.

லொறிக்காரரின் நிலையும் இருக்கிறது. கொழும்பிலிருந்து அவர் வெறுமையாகத் திரும்புவதில்லை. அரிசி, மா, சீனி, கடைச்சாமான் ஏற்றி வந்தால்தான் பயணம் கட்டும். ஒன்றுக்குள் ஒன்று புகாத வகைக் கூடையானால், காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தபோது அடைத்த அதே இடத்தை அடைக்கும். திரும்புவழிச் சரக்குக்கு இடமில்லை. மூன்றிலொரு பங்காகச் செருகும் வகையானால் மூன்று லொறிக் காலிக்கூடையை ஒரு லொறி கொண்டுவரும். சாக்கோ? நூறு சாக்கை மடித்துக் கட்டினால் சாரதியின் இருக்கைக்குப் பின்னே போய்விடும். சாக்கு வென்றது அதன் உறுதியால் அல்ல, அதன் மடிப்பால்.

இன்னொரு முடிச்சு பணத்தினது. கூடையை வாங்குபவர் விவசாயி அல்லது மொத்த வியாபாரி. அழுகல் குறைவதால் வரும் இலாபம் பெரும்பாலும் கொழும்பில் விற்பவருக்கு. செலவு ஓரிடம், வரவு வேறிடம். உத்தரவு எதுவும் அந்த இரண்டையும் ஒரே கைக்குக் கொண்டுவரவில்லை.

இந்த முடிச்சை உலகம் ஓரிடத்தில் அவிழ்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவை விட்டுப் போனபோது, சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளையும் தூக்கு வண்டிகளையும் விட்டுச்சென்றது. அந்நாட்டு அரசு அவற்றைப் பொதுத் தொகுப்பாக்கி வாடகைக்கு விட்டது. 1958 இல் அது தனியார் கைக்கு மாறி, இன்று ‘செப்’ என்ற பெயரில் நீலவண்ணத் தட்டுகளாக உலகெங்கும் சுற்றுகிறது. அந்தத் தட்டை யாரும் விலைக்கு வாங்க முடியாது. நாள் வாடகைக்குத்தான் எடுக்கலாம். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் காசு ஓடுவதால், காலியான மறுகணமே திருப்பிவிட அவசரப்படுகிறார்கள். லிட்டிலின் சூத்திரத்திலுள்ள நாட்களுக்கு அவர்கள் ஒரு விலைச்சீட்டைக் கட்டிவிட்டார்கள். கெப்பெட்டிபொலையிலும் கொழும்பிலும் கூடையை விற்பதற்குப் பதில் இப்படி வாடகைக்குக் கொடுக்கும் கூட்டுறவுத் தொகுப்பொன்று இருந்திருந்தால், 2011 இன் கதை வேறுவிதமாகப் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நமக்குத் தெரிந்த ஒரு தொகுப்பு ஏற்கெனவே வீட்டு அடுப்படியில் இருக்கிறது: கேஸ் சிலிண்டர். வைப்புப் பணம் கட்டுகிறோம். காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்குகிறோம். அதே உருளையா என்று யாரும் கேட்பதில்லை. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அந்த ஏற்பாட்டின் பலமும் எல்லையும் ஒன்றாகத் தெரிந்தன. காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போன மார்ச் மாதத்தில், பண்டாரவளையிலும் பதுளையிலும் கொழும்பைப் போலவே மக்கள் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றார்கள். உறைக்குத் தட்டுப்பாடு வரவில்லை. உள்ளே நிரப்ப ஒன்றும் வரவில்லை. ஒரு நிறுவனத்தின் உருளையை வைத்திருந்தவர் மற்ற நிறுவனத்தின் கேஸை அதில் வாங்குவதும் எளிதாக இருக்கவில்லை. சுற்றிவரும் உறைக்கு ஒரே அளவு, ஒரே வாய் என்று பொது இலக்கணம் இருந்திருந்தால் அந்த வரிசைகளில் சிலவாவது குறுகியிருக்கும்.

கொஸ்லந்தை வழியாக மலையிறங்கி வெல்லவாயவைத் தாண்டினால் மொனராகலை மாவட்டம் விரிகிறது. புத்தளவில் உள்ள பெல்வத்தைப் பாற்பண்ணைத் தொழிற்சாலையைச் சுற்றிய ஊர்களில் பால் சேகரிப்பு நடக்கிறது. பால்கேனும் கொழுந்துக் கூடையைப் போலக் குறுகிய வட்டத்துக்காரன். காலையில் பாலோடு போன வழியிலேயே வெறுமையாகத் திரும்பிவிடும். ஆனால் அதற்கு ஒரு செலவு உண்டு, கூடைக்கு இல்லாதது: கழுவுதல். கேனின் உட்சுவரில் மீந்த பாற்படலத்தில் பற்றீரியாக்கள் பாய் விரித்துக் குடியேறிவிடும். தகுந்த சூட்டில் சில இனங்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சுடுநீரும் காரமும் தேய்ப்பும் வேண்டும். வரட்சி பிடித்த ஓகஸ்ட் மாதத்து மொனராகலையில் தண்ணீரும் ஒரு மூலப்பொருள். உணவு உறையைத் திரும்பப் பயன்படுத்தும்போது இந்தத் தண்ணீரைக் கணக்கில் எழுதாதவர் பாதிக் கணக்கைத்தான் எழுதியிருக்கிறார்.

மொனராகலையில் தேயிலையைவிட இறப்பர் அதிகம் கண்ணில் படும். அதன் உறைதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்தது. பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையூட்டி உலர்த்திய ஷீட்டுகளை அடுக்கி அமுக்கிக் கட்டாக்குகிறார்கள். உலகச் சந்தை அளவில் ஒரு கட்டு 111 கிலோ சொச்சம். 9 கட்டு சேர்ந்தால் ஒரு டன். அந்தக் கட்டுக்குப் பெட்டி இல்லை, சாக்கு இல்லை. அதே தரத்து இறப்பர் ஷீட்டுகளையே நாலு பக்கமும் சுற்றிப் போர்த்துகிறார்கள். கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மேலே மாக்கல் தூள் கலந்த பூச்சு. அடையாளக் குறியை அதன் மேலேயே எழுதிவிடுகிறார்கள். தூர தேசத்து டயர்த் தொழிற்சாலையில் கட்டை நிறுத்து, கத்தியின் கீழே வைத்து வெட்டுகிறார்கள். போர்வையும் சரக்கும் சேர்ந்தே உருளைகளுக்குள் போகின்றன. திருப்பி அனுப்ப அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.